வடிகட்டி வாயில் கசியும் எண்ணெய்: ஒரு பிரிட்டிஷ் கார் எஞ்சினின் மசகு வரலாறு

பர்மிங்காம் நகரை ஒட்டிய லாங்பிரிட்ஜ் ஆலையிலிருந்து 1947ஆம் ஆண்டு ஆஸ்டின் ஏ40 டெவன் காரில் பொருத்தப்பட்டு வெளிவந்த 1,200 சிசி எஞ்சின், பிரிட்டிஷ் கார்த் தொழிலில் மிக நீண்ட ஆயுள் கண்ட வடிவமைப்புகளுள் ஒன்றாகும். ஆஸ்டினும் மாரிஸும் 1952இல் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஆன பிறகு 'பி வரிசை' என்று அறியப்பட்ட இந்த எஞ்சின், 1,489 சிசியாக வளர்ந்து 1955இல் எம்ஜிஏ காரிலும், 1,798 சிசியாக வளர்ந்து 1962இல் எம்ஜிபி காரிலும் இடம்பெற்றது. கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் தயாரான இந்துஸ்தான் அம்பாசடரில், வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் அமைந்த பழைய எஞ்சினை அகற்றிவிட்டு 1959இல் பொருத்தப்பட்டதும் இதே 1,489 சிசி வடிவந்தான். இங்கிலாந்தில் பழைய கார்களைப் பேணுவோரும் இந்தியாவில் அம்பாசடரை ஓட்டி வாழ்ந்தோரும் ஒருபோலச் சந்தித்த ஒரு தொல்லை உண்டு: எண்ணெய் வடிகட்டியை மாற்றி முடித்து எஞ்சினை முடுக்கியதும், அதன் வாய் விளிம்பிலிருந்து எண்ணெய் கசியத் தொடங்கும், போல்ட்டை இன்னும் இறுக்கினாலும் நிற்காது, சில வேளைகளில் இறுக்க இறுக்கக் கூடும். இதைப் பட்டறைக்காரரின் கவனக்குறைவு என்று தள்ளிவிடுவது எளிது. உண்மையில் இக்கசிவு, எண்ணெயைப் பற்றியும் பேரிங்கைப் பற்றியும் ரப்பரைப் பற்றியும் பொறியாளர்கள் அரை நூற்றாண்டில் எடுத்த முடிவுகள் ஒரு சிறிய வளையத்தின்மேல் வந்து குவிந்ததன் விளைவாகும்.

தொடக்ககாலக் கார்களில் இந்தத் தொல்லைக்கு இடமே இருக்கவில்லை, ஏனெனில் வடிகட்டியும் இல்லை, வடிகட்டியை நாடிச் செல்லும் அழுத்தமும் இல்லை. சொட்டுக் கிண்ணங்களிலிருந்து விழுந்த எண்ணெய் உராயும் இடங்களை நனைத்துவிட்டுச் சாலையில் சிந்தியது. அது திரும்பி வர வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. 1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு மாடல் டி காரில்கூட எண்ணெய்ப் பம்பு கிடையாது. சுழலும் சக்கரம் வாரியெறிந்த எண்ணெய் ஒரு குழாய் வழியே தன் எடையாலேயே முன்புறம் வழிந்து சென்றது. எண்ணெயைப் பம்பின் அழுத்தத்தால் தண்டின் உள்ளே செலுத்தும் முறை கார்களுக்கு முன்பே நீராவி எஞ்சின்களில் தோன்றியிருந்தது. பர்மிங்காமின் பெல்லிஸ் அண்டு மார்காம் நிறுவனம் 1890இல் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தது. அதே நகரில் கார் செய்த ஃப்ரெடரிக் லான்செஸ்டர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அழுத்த மசகை கார் எஞ்சினுக்குக் கொண்டுவந்தார். அழுத்தம் வந்த இடத்தில் கசிவும் வந்தது என்றாலும், அப்போது எண்ணெய் எஞ்சினின் உடலுக்குள்ளேயே சுற்றியதால், பேரிங் ஓரத்தில் கசிந்தது அப்படியே அடித்தொட்டியில் விழுந்து மீண்டும் பம்புக்குப் போய்ச் சேர்ந்தது.

எண்ணெயை வடிகட்ட வேண்டும் என்ற எண்ணம் தாமதமாகவே எழுந்ததற்குக் காரணம் பேரிங்கின் உலோகம். ஐசக் பாபிட் 1839இல் உருவாக்கிய, வெள்ளீயத்தை முதன்மையாகக் கொண்ட மென்மையான வெள்ளை உலோகக் கலவை, தண்டைத் தாங்கும் பேரிங்குகளில் நூறாண்டுக்காலம் கோலோச்சியது. அந்த மென்மையே அதன் பெரும் நற்குணம்: மணல் துகளோ இரும்புத் துகளோ எண்ணெயோடு வந்தால், அது உலோகத்துக்குள் அமிழ்ந்து புதைந்துபோகும், தண்டு கீறப்படாது. இவ்வாறு பேரிங்கே வடிகட்டியின் வேலையையும் செய்துவந்த நிலையில் தனி வடிகட்டி ஆடம்பரமாகத் தோன்றியதில் வியப்பில்லை. அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்டும் ஜார்ஜ் கிரீன்ஹால்கும் 1923இல் 'பியூரோலேட்டர்' என்ற பெயரில் கார் எண்ணெய் வடிகட்டியை அறிமுகப்படுத்தினர். 1924இல் வெளியான கிரைஸ்லர் சிக்ஸ் அதை விற்பனையின் கவர்ச்சிகளுள் ஒன்றாக முன்வைத்தது. ஆயினும் அக்கால வடிகட்டிகள் பெரும்பாலும் கிளைப் பாய்வு முறையைச் சேர்ந்தவை. அதாவது பம்பு தள்ளும் எண்ணெயில் ஒரு சிறு பங்கு மட்டும் மெல்லிய கிளைக்குழாயில் பிரிந்து வடிகட்டிக்குள் சென்று தொட்டிக்குத் திரும்பும், மற்ற எண்ணெய் வடிகட்டப்படாமலே பேரிங்குகளுக்குப் போகும். இம்முறையில் பாய்வைக் குறுகிய துளை ஒன்று கட்டுப்படுத்தியதால், வடிகட்டிக் கூட்டின் மூட்டில் சிறு குறை இருந்தாலும் அது பெரிதாகத் தெரியவில்லை.

திருப்பம் 1930களில் வந்தது. எஞ்சின்களின் வேகமும் அமுக்க விகிதமும் உயர்ந்தபோது வெள்ளை உலோகம் சோர்ந்து வெடிக்கலாயிற்று. அதற்கு மாற்றாக எஃகுத் தகட்டின்மேல் செம்பு-ஈயக் கலவை போன்ற வலிமையான படலத்தைப் பூசிய மெல்லோட்டு பேரிங்குகள் அமெரிக்காவில் தோன்றின. அவற்றைத் தயாரிக்கும் உரிமத்தைப் பெற்று லண்டனின் ஆக்டன் பகுதியில் டோனி வாண்டர்வெல் ஆலை நடத்தினார். இந்தப் புதிய பேரிங் மிகுந்த சுமையைத் தாங்கியது. ஆனால் அழுக்கை விழுங்கிக்கொள்ளும் பொறுமை அதற்கு இல்லை. துகள் அதில் புதையாமல் இடையில் நின்று தண்டை அறுத்தது. ஆகவே பேரிங்கை அடையும் ஒவ்வொரு சொட்டும் முதலில் வடிகட்டப்பட வேண்டும் என்ற நிலை வந்தது. பம்பிலிருந்து புறப்படும் எண்ணெய் முழுவதையும் வடிகட்டியின் வழியே செலுத்தும் இம்முறைக்கு முழுப் பாய்வு என்று பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதுவே பொதுவழக்காயிற்று. வடிகட்டி அடைத்துக்கொண்டால் எஞ்சின் எண்ணெயின்றிப் பாழாகிவிடும் என்பதால், அடைப்பின்போது தானே திறந்து எண்ணெயை நேராக விடும் ஒரு வால்வும் உடன் சேர்க்கப்பட்டது.

இந்த மாற்றத்தின் விலையை மூட்டு செலுத்தியது. முழுப் பாய்வு வடிகட்டியின் கூட்டுக்குள் எஞ்சினின் முழு எண்ணெய் அழுத்தமும் நிற்கிறது. எம்ஜிபி எஞ்சின் சூடேறி ஓடுகையில் அந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 பவுண்டு வரை இருக்கும். குளிர்ந்த காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது இன்னும் உயரும். 9 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு கூட்டை எடுத்துக்கொண்டு, சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோகிராம் அழுத்தம் எனக் கணக்கிட்டால், அக்கூட்டைத் தலைப்பகுதியிலிருந்து பிரித்துத் தள்ளும் விசை ஏறத்தாழ 250 கிலோகிராம் எடைக்குச் சமம். ஒற்றை போல்ட்டும் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ரப்பர் வளையமும் இவ்விசையை ஒவ்வொரு பயணத்திலும் எதிர்த்து நிற்கின்றன. அதோடு, முன்பு எஞ்சின் உடலுக்குள் சுற்றிய எண்ணெய் இப்போது உடலைவிட்டு வெளியே வந்து திரும்புவதால், இங்கே கசியும் சொட்டு தொட்டிக்குப் போகாது, தரைக்குத்தான் போகும்.

பி வரிசையில் வழங்கிய பழைய வடிகட்டி, இன்று கடையில் கிடைக்கும் முழுதாகத் திருகிக் கழற்றி எறியும் வகையைச் சேர்ந்ததன்று. எஞ்சின் கட்டையின் வலப்பக்கத்தில் வார்ப்பால் ஆன ஒரு தலைப்பகுதி பொருத்தப்பட்டிருக்கும். அதன் அடியில் எஃகுத் தகட்டால் ஆன கூடு, நடுவே ஊடுருவிச் செல்லும் நீண்ட போல்ட் ஒன்றால் இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கும். கூட்டுக்குள் மடிப்புத் தாளாலான வடிகட்டி உருளை அமர்ந்திருக்கும். கூட்டின் விளிம்பு தலைப்பகுதியில் வட்டமாக வெட்டப்பட்ட பள்ளத்துக்குள் புகுந்து, அங்கே படுத்திருக்கும் சதுர வெட்டுமுகமுள்ள ரப்பர் வளையத்தை அழுத்தும். உள்ளே இருக்கும் பொருள்களுக்கு ஒரு வரிசை உண்டு: போல்ட்டின் தலையருகே ரப்பர் வளையம், பிறகு சுருள்வில், எஃகு வாஷர், கம்பளி நாரை அழுத்திச் செய்த ஃபெல்ட் வாஷர், அதன்மேல் உருளையைத் தாங்கும் தட்டு. இந்த ஃபெல்ட் வாஷர் தொலைந்துபோனால் வெளியே ஒரு சொட்டும் கசியாது. ஆனால் அழுக்கு எண்ணெய் போல்ட்டை ஒட்டியுள்ள இடைவெளி வழியே உருளையைச் சுற்றிக்கொண்டு சுத்தமான பக்கத்துக்கு நழுவிவிடும். வெளியே தெரியும் கசிவு பெரும்பாலும் தரையைத்தான் கெடுக்கும், உள்ளே நிகழும் இக்கசிவு பேரிங்கையே தின்னும். பழுதுபார்ப்போர் முன்னதற்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடப் பின்னதற்குக் காட்டாதது வருந்தத்தக்கது.

மூட்டுகளை அடைக்கும் பொருள்களின் வரலாறும் இங்கே நினைக்கத் தக்கது. தோல், தக்கை, எண்ணெயில் ஊறிய தாள், கல்நார் ஆகியவை தொடக்கத்தில் பயன்பட்டன. அவற்றின்மேல் பூசும் பசையாக அரக்கிலிருந்து எடுக்கும் ஷெல்லாக் பெரிதும் வழங்கியது. அரக்குப் பூச்சிகள் வாழும் சோட்டா நாக்பூர் காடுகள் அக்காலத்தில் உலக அரக்கின் தலையாய ஊற்றாக இருந்தமையால், இங்கிலாந்தின் எஞ்சின் மூட்டுகளில் இந்தியக் காட்டு மக்களின் உழைப்பும் ஒட்டியிருந்தது என்பதை மறக்கக் கூடாது. இயற்கை ரப்பர் நீரை நன்கு அடைத்தது. ஆனால் கனிம எண்ணெயில் அது ஊறி உப்பி நைந்துபோகும். எண்ணெயைத் தாங்கும் நைட்ரில் ரப்பரை 1930களில் ஜெர்மனியின் ஐஜி ஃபார்பன் நிறுவனம் உருவாக்கியது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன், பள்ளத்துக்குள் அமரும் வட்ட வெட்டுமுக வளையத்துக்கு 1939இல் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்தபோதுதான், உயர் அழுத்த எண்ணெயைச் சிறு வளையம் ஒன்று தாங்க முடியும் என்ற நம்பிக்கை பொறியாளர்களுக்குப் பிறந்தது. பி வரிசை வடிகட்டியின் சதுர வளையமும் அந்த நம்பிக்கையின் வழிவந்ததே. பள்ளம் சரியான அகலமும் ஆழமும் கொண்டிருந்து, வளையமும் அதற்கேற்ற அளவில் இருந்தால், மூட்டை எண்ணெய் அழுத்தமே இறுக்கிக்கொள்ளும், போல்ட்டைப் பெருமுயற்சியோடு முறுக்கத் தேவையில்லை. எம்ஜிபியின் நடு போல்ட்டுக்கு நிறுவனம் வகுத்த இறுக்கம் 15 பவுண்டு-அடி மட்டுமே; அதாவது ஓர் அடி நீளக் கைப்பிடியின் நுனியில் 15 பவுண்டு விசை.

தீராத கசிவின் முதற்காரணம் பெரும்பாலும் இப்பள்ளத்திலேயே ஒளிந்திருக்கிறது. பல்லாயிரம் மைல் சூட்டில் வெந்த பழைய வளையம் கல்லாக இறுகி, பள்ளத்தின் அடியோடு ஒட்டி, நிறத்தாலும் தொடுகையாலும் வார்ப்பிரும்பின் பகுதியாகவே தோன்றும். வடிகட்டியை மாற்றுபவர், காருக்கு அடியில் படுத்து மேல்நோக்கிக் கைவிட்டுத் தடவிப் பார்த்து, பழையது உருளையோடு வந்துவிட்டது என்று நம்பிப் புதிய வளையத்தை அதன்மேலேயே வைத்துவிடுவார். இரட்டை வளையத்தால் கூட்டின் விளிம்பு பள்ளத்துக்குள் இறங்காமல் நிற்கும், கசியும், போல்ட் இறுக்கப்படும், மெல்லிய தகட்டு விளிம்பு வளையும். அதன்பின் பழைய வளையத்தைக் கண்டுபிடித்து அகற்றினாலும், வளைந்த விளிம்பு புதிய வளையத்தைச் சமமாக அழுத்தாது. கூர்மையான ஊசி முனையால் பள்ளத்தை முழுச் சுற்றும் தோண்டி, பளபளக்கும் உலோகம் தெரியும்வரை துடைப்பதே இதற்கு ஒரே வழி. இவ்வேலையைக் கண்ணாடியும் விளக்கும் கொண்டு செய்தவர்களைவிடத் தலைப்பகுதியையே கழற்றி மேசையில் வைத்துச் செய்தவர்கள் குறைவாகவே ஏமாந்தனர்.

இரண்டாவது காரணம் வணிகத்தின் வரலாற்றைச் சேர்ந்தது. கார் நிறுவனம் வடிகட்டியைத் தானே செய்யவில்லை. டெகலமிட், பியூரோலேட்டர் என்ற இரு நிறுவனங்களிடமிருந்து வாங்கியது. ஒரே ஆண்டில் ஒரே ஆலையிலிருந்து வெளிவந்த இரு கார்களில் ஒன்றில் டெகலமிட் தலைப்பகுதியும் மற்றதில் பியூரோலேட்டர் தலைப்பகுதியும் இருக்கக்கூடும். பார்வைக்கு ஒன்றுபோலிருந்த அவற்றின் கூடுகளும் வளையங்களும் ஒன்றுக்கொன்று பொருந்துபவை அல்ல. எஞ்சின் மாற்றத்தின்போதும் விபத்துப் பழுதின்போதும் ஒன்றின் கூடு மற்றதன் தலையோடு சேர்ந்துவிட்ட கார்கள் பல. உருளை விற்போர் எல்லாருக்கும் பொருந்தட்டும் என்று ஒரே பெட்டியில் வெவ்வேறு அளவிலான வளையங்களை இட்டு அனுப்பினர். எது யாருக்கு என்ற விளக்கம் பெட்டியில் இல்லாதபோது, கைக்கு வந்த வளையம் பள்ளத்துக்குள் போனது. சற்றே அகலம் குறைந்த வளையம் முதல் நாள் அடைத்துவிட்டு, குளிர்ந்த காலையில் எண்ணெய் கெட்டியாகி அழுத்தம் ஏறிய வேளையில் பக்கவாட்டில் நழுவி வெளியே பிதுங்கும். அப்போது சில நிமிடங்களில் அடித்தொட்டி முழுவதும் சாலைக்குப் போய்விடக்கூடும் என்பதால், இது தூய்மைக் குறை மட்டும் அன்று, எஞ்சினின் உயிர்க்குறை.

கசியும் இடத்தைச் சரியாக அறிவதும் தனிக் கலையாகவே வளர்ந்தது. ஓடும் காரில் விசிறியின் காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளுவதால், ஈரம் தெரியும் இடத்துக்கு முன்னும் மேலும் ஊற்றைத் தேட வேண்டும். பி வரிசையின் மூன்று பேரிங் எஞ்சினில், பின்புறத் தண்டு வெளியேறும் இடத்தில் ரப்பர் அடைப்பே இல்லை. தண்டில் வெட்டிய திருகுபோன்ற வரிகள், சுழலும்போது எண்ணெயை உள்நோக்கித் திருப்பி அனுப்பும் என்பதே ஏற்பாடு. அது முழுமையாக அடைக்காது என்பதை வடிவமைத்தவர்களே அறிந்திருந்தனர். கிளட்ச் அறையின் அடியில் ஒரு துளையிட்டு, அது சேற்றால் அடைபடாதிருக்க அதில் ஒரு பிளவு ஊசியைத் தொங்கவிட்டனர். கார் அசையும்போது ஊசி அசைந்து துளையைத் திறந்தே வைக்கும். 1964இல் ஐந்து பேரிங் எஞ்சின் வந்தபோதுதான் அங்கே முறையான உதட்டு அடைப்பு சேர்ந்தது. ஆகவே பின்புறத்தில் சொட்டும் எண்ணெயை வடிகட்டியின்மேல் பழிபோட்டு வளையங்களை மாற்றிக்கொண்டே இருந்தோரும், அதற்கு மாறாக வடிகட்டியின் கசிவை 'இந்த எஞ்சின் இப்படித்தான்' என்று விட்டுவிட்டோரும் உண்டு. எஞ்சினை நன்கு கழுவி உலர்த்தி, முகப்பவுடரோ சுண்ணத்தூளோ தூவிச் சில நிமிடம் ஓட்டிப் பார்த்தால், முதலில் நனையும் கோடு ஊற்றைக் காட்டிக்கொடுக்கும்.

மரைகளின் குழப்பம் மூன்றாவது காரணமாகும். எண்ணெய்க் குழாய்களும் அழுத்தமானியின் இணைப்பும் பிரிட்டிஷ் குழாய் மரையில் அமைந்தவை. அதன் பற்கள் 55 பாகைக் கோணம் கொண்டவை. அமெரிக்கக் குழாய் மரையின் கோணம் 60 பாகை. எட்டில் ஓர் அங்குல அளவில் பிரிட்டிஷ் மரைக்கு அங்குலத்துக்கு 28 பற்கள், அமெரிக்க மரைக்கு 27. இரண்டும் சில சுற்றுகள் தடையின்றிப் புகுந்து, பின்பு இறுகி, சரியாகப் பொருந்திவிட்டதுபோல் நடிக்கும். அரை அங்குல அளவில் இரண்டுக்கும் 14 பற்களே என்பதால் ஏமாற்றம் இன்னும் முழுமையானது. கோண வேறுபாட்டால் பற்களுக்கிடையே சுருள்வழியாக ஓடும் நுண்ணிய இடைவெளி எவ்வளவு இறுக்கினாலும் மூடாது. குழாய் முனைகளில் இடும் செம்பு வாஷர்களும் ஒருமுறை நசுங்கியதும் கடினமாகிவிடும். அவற்றைச் செந்தணலாகச் சுட்டுக் குளிர்வித்தால் மீண்டும் மென்மை பெறும் என்ற பழைய அறிவு, புதிய வாஷர் கிடைக்காத ஊர்களில் பல எஞ்சின்களைக் காத்தது.

இந்தியாவில் இந்த அறிவு வேறொரு நெருக்கடியில் வளர்ந்தது. உள்நாட்டில் படிப்படியாகத் தயாரிக்கும் திட்டம் உள்ள நிறுவனங்களுக்கே இடம் என்ற கொள்கை 1953இல் உருவானபின், ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கார்களைப் பொருத்தி விற்கும் தொழிலை இங்கே மூடின. எஞ்சிய சில நிறுவனங்களின் கார்களையே மக்கள் பல்லாண்டு பேணியாக வேண்டிய நிலை வந்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் சிறு உதிரிக்கும் காத்திருக்க வேண்டியிருந்த அக்காலத்தில், பட்டறைகளில் பேக்கிங் தாளை மூட்டின் முகத்தின்மேல் விரித்து, உருண்டை முனைச் சுத்தியலால் விளிம்பைத் தட்டித் தட்டியே அச்செடுத்து வெட்டினர். மேலே ஷெல்லாக் தடவினர். தலைப்பகுதிக்கும் எஞ்சின் கட்டைக்கும் இடையிலான தட்டையான மூட்டுக்கு இக்கைவேலை முழுப் பயன் தந்தது. வடிகட்டியின் வளையத்துக்கு மட்டும் அது உதவவில்லை: வெட்டியெடுத்த சாதாரண ரப்பர் சில வாரங்களில் எண்ணெயில் உப்பிப் பள்ளத்திலிருந்து எழும்பும். பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிகளாக விற்கும் சென்னைப் புதுப்பேட்டை போன்ற சந்தைகள், இந்நிலையில் பெருந்தொண்டு செய்தன. தலைப்பகுதியையும் கூட்டையும் ஒரே எஞ்சினிலிருந்து சேர்த்தே வாங்குவதன் அருமையை அங்கே வாங்கிப் பழகியோர் அறிந்திருந்தனர்.

1950களில் அமெரிக்காவில் கூடும் உருளையும் வளையமும் ஒரே பொருளாக அமைந்த, கையால் திருகி மாட்டும் வடிகட்டி அறிமுகமாகி, அடுத்த இருபது ஆண்டுகளில் பெரும்பாலான கார்களுக்குப் பரவியது. எம்ஜிபியும் தன் பிற்காலத்தில் அதை ஏற்றது. அதைக் கண்ட பழைய எஞ்சின் உரிமையாளர்கள், தங்கள் தலைப்பகுதியின்மேல் மாற்றுத் தட்டு ஒன்றைப் பொருத்திப் புதிய வகையைத் திருகிக்கொள்ளத் தொடங்கினர். காரின் மூல வடிவத்தைப் போற்றுவோர் இதை ஏற்கத் தயங்கினாலும், நாள்தோறும் ஓடும் காருக்கு இது நேர்மையான தீர்வே. ஆனால் இத்தகைய தட்டுகளுள் பல, தலைப்பகுதியின் அதே பழைய பள்ளத்தில், அதே அளவு வளையத்தின்மேல் அமருமாறே செய்யப்பட்டவை. பள்ளத்தின் அடியில் வெந்து ஒட்டிய வளையத்தைத் தோண்டி எடுக்காமல் தட்டைப் பொருத்தினால், புதிய வடிகட்டிக்கு மேலே, பழைய இடத்திலிருந்தே எண்ணெய் மீண்டும் கசியும்.